தொடுதலும் ஓசையும் சுமையாகும்போது

பள்ளிச் சீருடையின் கழுத்தில் தைத்திருக்கும் லேபிள் உறுத்துகிறது என்று சட்டையையே கழற்றி எறியும் குழந்தையையும், மிக்ஸி ஓடத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடும் குழந்தையையும், முழங்கால் சிராய்த்து இரத்தம் வழிவதைக்கூட அறியாமல் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையையும் பெரும்பாலான வீடுகள் பிடிவாதம், செல்லம், அசட்டை ஆகிய மூன்று சொற்களுக்குள் அடக்கிவிடுகின்றன. இந்நடத்தைகளுள் ஒரு பகுதிக்கு வளர்ப்பில் காரணம் தேடுவது வீண். உடலின் பல வாயில்கள் வழியாக வரும் புலன் செய்திகளை மூளை எவ்வாறு அளந்து, வடிகட்டி, ஒன்றோடொன்று இணைத்துப் பயன்படுத்துகிறது என்பதில் குழந்தைக்குக் குழந்தை இருக்கும் வேறுபாடே அவற்றின் வேர். அவ்வேறுபாடு உண்பது, உடுப்பது, குளிப்பது, உறங்குவது, படிப்பது போன்ற அன்றாடச் செயல்களைத் தடுக்கும் அளவுக்குப் பெரிதாகும்போது அது புலன் செயலாக்கச் சிக்கல் எனப்படுகிறது. அமெரிக்காவில் மழலையர் வகுப்புக் குழந்தைகளின் பெற்றோரிடம் தகவல் திரட்டி 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 5.3 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் இதற்கான அறிகுறிகள் இருப்பதாக மதிப்பிட்டது. ஆட்டிசம், கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு ஆகியவை உள்ள குழந்தைகளிடம் இது இன்னும் பரவலாகக் காணப்படுகிறது.

புலன்கள் ஐந்து என்பது தொடக்கப் பள்ளியின் கணக்கு. நரம்பியல் அவற்றோடு இன்னும் மூன்றையேனும் சேர்த்துக்கொள்கிறது. உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலை எத்திசையில், எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதையும், அவற்றை அடுத்துள்ள இரு சிறு பைகள் தலையின் சாய்வையும் புவியீர்ப்பின் திசையையும் மூளைக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன; இது சமநிலைப் புலன். தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் பதிந்துள்ள உணர்விகள் கைகால்கள் எந்நிலையில் உள்ளன, அவை எவ்வளவு விசையைச் செலுத்துகின்றன என்பதைத் தெரிவிக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டும் விரலை மூக்கு நுனியில் வைக்க முடிவது, பிரிட்டன் உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-இல் பெயரிட்டு விளக்கிய இந்த உடல்நிலைப் புலனால்தான். பசி, தாகம், சிறுநீர்ப்பையின் நிறைவு, நெஞ்சின் படபடப்பு ஆகியவற்றை உணர்த்துவது மூன்றாவதான அகவுறுப்புப் புலன். இம்மூன்றும் வெளியே தெரியாதவை என்பதால் பெற்றோரின் கவனத்துக்கு எளிதில் வருவதில்லை. புதிராகத் தோன்றும் பல நடத்தைகளுக்கு விடையோ இவற்றில்தான் கிடைக்கிறது.

வந்து சேரும் செய்திகள் அனைத்தையும் மூளை ஒரே அளவில் கவனித்தால் எந்த வேலையும் நடக்காது. காலையில் உடுத்திய சட்டை சில நிமிடங்களில் உணர்விலிருந்து மறைந்துவிடுவதும், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் இரைச்சல் சிறிது நேரத்தில் கேட்காமல் போவதும், மாறாத, ஆபத்தில்லாத தூண்டலுக்கு நரம்பு மண்டலம் தன் மறுமொழியைப் படிப்படியாகத் தணித்துக்கொள்வதால் நேர்பவை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஷூலா கிரீனும் அவருடைய குழுவினரும் ஆட்டிசம் உள்ள இளம் வயதினரின் மூளையை ஸ்கேன் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் முக்கியமானது. கரடுமுரடான கம்பளித் துணியின் உராய்வும் எரிச்சலூட்டும் ஓசையும் திரும்பத் திரும்பத் தரப்பட்டபோது, புலன் மிகையுணர்வு உள்ளவர்களுக்கு மட்டும், அச்சத்தையும் எச்சரிக்கையையும் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியும் புலன்களுக்குரிய புறணிப் பகுதிகளும் கூடுதலாகத் தூண்டப்பட்டதோடு, அத்தூண்டல் மற்றவர்களுக்குத் தணிந்தது போல் தணியவும் இல்லை. "நாலு நாள் போட்டுக்கொண்டால் பழகிவிடும்" என்ற வீட்டு அறிவுரை இக்குழந்தைகளிடம் ஏன் தோற்றுப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை: தடைபட்டிருப்பது அந்தப் பழக்கப்படுதலே.

இச்சிக்கல் ஒரே முகம் கொண்டதன்று. அமெரிக்கச் செயல்வழிச் சிகிச்சையாளர் வின்னி டன் 1997-இல் முன்வைத்த வகைப்பாடு, நரம்பு மண்டலம் விழித்துக்கொள்ள எவ்வளவு தூண்டல் தேவை என்ற வரம்பையும், குழந்தை அதற்கு ஏற்பத் தானாக முயல்கிறதா, வந்ததை ஏற்றுக்கொண்டு இருக்கிறதா என்ற இயல்பையும் சேர்த்துப் பார்க்கிறது. வரம்பு தாழ்ந்த குழந்தைகளுள் ஒரு சாரார் சிறு தூண்டலிலும் துன்புற்றபடி இருந்த இடத்திலேயே இருப்பர், இன்னொரு சாரார் கூட்டத்தையும் ஓசையையும் முன்கூட்டியே தவிர்க்க ஓடுவர். வரம்பு உயர்ந்தவர்களுள் சிலர் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல் மந்தமாகக் காணப்படுவர், சிலர் குதித்தும் மோதியும் சட்டைக் காலரைக் கடித்தும் தூண்டலைத் தேடி அலைவர். நடைமுறையில் ஒரு குழந்தை ஒரே கட்டத்துக்குள் நிற்பதில்லை. ஓசைக்கு அஞ்சும் குழந்தையே ஊஞ்சலில் மணிக்கணக்கில் ஆடக்கூடும். காலையில் பொறுத்துக்கொண்ட சீப்பை, பள்ளியிலிருந்து களைத்துத் திரும்பிய மாலையில் பொறுக்காமல் போகக்கூடும்.

இத்துறையின் தொடக்கம் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் ஏர்ஸிடம் இருக்கிறது. செயல்வழிச் சிகிச்சையாளராகவும் உளவியலாளராகவும் பயின்ற அவர், கற்றலில் பின்தங்கிய குழந்தைகள் பலருக்குப் பார்வையும் செவியும் நன்றாக இருந்தும் உடலை நடத்துவதில் தடுமாற்றம் இருப்பதைக் கவனித்து, புலன் ஒருங்கிணைப்பு என்ற கோட்பாட்டை 1972-இல் வெளியான தம் நூலில் விரிவாக முன்வைத்தார். இன்று நகரங்களில் காணப்படும் சிகிச்சை மையங்களின் தொங்கும் ஊஞ்சல்கள், பெரிய ரப்பர் பந்துகள், மெத்தை விரித்த தரைகள் யாவும் அவருடைய வழிவந்தவை. இருப்பினும் மருத்துவ உலகம் அவருடைய கோட்பாட்டை முழுமையாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, புலன் மிகையுணர்வையும் குறையுணர்வையும் ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் சேர்த்துக்கொண்டதே தவிர, புலன் செயலாக்கச் சிக்கலைத் தனிக் குறைபாடாகப் பட்டியலிடவில்லை. அதற்கு ஓராண்டுக்கு முன் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும், இதைத் தனி நோயாக முத்திரையிட வேண்டாம் என்றும், இதற்கான சிகிச்சையைப் பரந்த திட்டத்தின் ஒரு பகுதியாக மேற்கொள்ளலாம் என்றும், ஆனால் அதன் பயன் குறித்த சான்று குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

பெயர் குறித்த இந்த வழக்கு குழந்தையின் துன்பம் உண்மையா என்ற கேள்வியை எழுப்பவில்லை. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு பணமும் நேரமும் செலவிடலாம் என்ற கேள்வியையே எழுப்புகிறது. 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளுள் ஏர்ஸின் முறைப்படி சிகிச்சை பெற்றவர்கள், பெற்றோர் தாமே தேர்ந்தெடுத்த அன்றாட இலக்குகளில் மற்றவர்களைவிட நன்கு முன்னேறினர். 2022-இல் பிரிட்டனில் 4 முதல் 11 வயதுக்குட்பட்ட 138 குழந்தைகளிடம் நடத்தி முடிக்கப்பட்ட பெரிய ஆய்விலோ, வழக்கமான பராமரிப்பைவிட இச்சிகிச்சை நடத்தையில் கூடுதல் பயன் தந்ததாகத் தெரியவில்லை. உறக்கத்துக்கென விற்கப்படும் எடையேற்றிய போர்வைகளை 67 குழந்தைகளிடம் சோதித்த 2014-ஆம் ஆண்டின் இன்னோர் ஆய்வில், உறங்கும் நேரம் கூடவே இல்லை. ஆயினும் குழந்தைகளும் பெற்றோரும் சாதாரணப் போர்வையைவிட அதையே விரும்பினர் என்பது சுவையான முரண். விலையுயர்ந்த கருவிகளை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்குதலுக்கு ஆளாகும் குடும்பங்கள் இம்முடிவுகளை அறிந்திருப்பது நல்லது. வாரத்தில் இரண்டு மணி நேரம் நடக்கும் சிகிச்சையைக் காட்டிலும், எஞ்சிய நேரம் முழுவதும் குழந்தை வாழும் வீட்டையும் வகுப்பறையையும் அதற்குத் தோதாகத் திருத்துவது செலவு குறைந்தது, தீங்கும் இல்லாதது.

திருத்தத் தொடங்குமுன் உடலின் நோய்களை விலக்கிப் பார்ப்பது முறை. காதில் இறுகிய குறும்பி, நடுச்செவியில் தேங்கிய நீர், சொத்தைப் பல், தலையில் பேன், தோலில் கரப்பான், நாள்பட்ட மலச்சிக்கல், கண்ணாடி போடாத பார்வைக் குறைபாடு ஆகிய ஒவ்வொன்றும் புலன் சிக்கல் போலவே தோற்றம் காட்டவல்லது. காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கும் செவித்திறன் சோதனை தேவை. பேச்சு, பழகும் முறை, கற்றல் ஆகியவற்றில் தாமதம் இருந்தால் குழந்தை மருத்துவரின் முழுமையான மதிப்பீடு வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் அரசு நடத்தும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களிலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் அதற்கான வசதி உண்டு.

அடுத்த வேலை கவனித்தல். குழந்தை எப்போது, எங்கே, எதற்குப்பின் நிலைகுலைந்தது, எதனால் அமைதியடைந்தது என்பதை இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவைத்தால், காரணம் என்று வீட்டார் நினைத்திருந்தது வேறு, உண்மையில் இருப்பது வேறு என்பது பெரும்பாலும் வெளிப்படும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குளியலறையில் கதறும் குழந்தை தண்ணீருக்கு அஞ்சுவதாகவே எல்லோரும் கொள்வர். ஆனால் அதே குழந்தை வாளித் தண்ணீரில் கையை விட்டு அளைந்து மகிழ்வதைக் கண்டால் அந்த முடிவு நிற்காது. மல்லாத்திக் கிடத்தியோ தலையைப் பின்னால் சாய்த்தோ சீயக்காய் அலசும்போது, உட்செவியின் பைகள் தலை பின்னோக்கி விழுவதாக அறிவிக்கின்றன. காலும் தரையில் பாவாத நிலையில் அச்செய்தி சில குழந்தைகளுக்குக் கீழே விழப்போகும் பேரச்சமாகவே மாறுகிறது. இத்தகைய அச்சத்தைப் புவியீர்ப்புப் பாதுகாப்பின்மை என்று ஏர்ஸ் குறிப்பிட்டார். அக்குழந்தையை மணையில் உட்காரவைத்து, இரு பாதங்களும் தரையில் ஊன்றியிருக்கச் செய்து, மடித்த துண்டைக் கண்மீது அதன் கையாலேயே அழுத்திக்கொள்ளச் சொல்லி, முன்னால் குனிந்த தலையில், "இன்னும் ஐந்து சொம்பு" என்று எண்ணி ஊற்றினால் பாதிப் போராட்டம் அடங்கிவிடும். தொடுபுலன் மிகையுணர்வு உள்ள குழந்தைக்கு இடையூறு வேறிடத்தில்: விரல் நுனியால் மெல்ல வருடி எண்ணெய் தடவுவது அதற்குக் கூச்சத்தையும் எரிச்சலையும் தரும், உள்ளங்கையை முழுவதும் பதித்து அழுத்தித் தேய்ப்பது அமைதி தரும். குளித்தபின் துண்டால் தட்டித் தட்டி ஒற்றுவதைவிட இறுகச் சுற்றி அழுத்தித் துவட்டுவதும், முடிவெட்டும் கடையில் கழுத்தில் விழும் துணுக்கு முடிகளை அவ்வப்போது ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிடுவதும் இதே காரணத்தால் உதவுகின்றன. அழுத்தத்தின் இந்த ஆறுதலைத் தம் உடலிலேயே கண்டறிந்தவர் ஆட்டிசம் உள்ள அமெரிக்க அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின். தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை அசையாமல் நிறுத்தும் சட்டகத்தில் அவை அமைதியடைவதைப் பார்த்து, பதின்பருவத்திலேயே தமக்கென ஓர் அழுத்தப் பெட்டியை அவர் செய்துகொண்டார்.

ஓசையின் பொருட்டு வரும் துன்பத்தில் உரப்பைவிட எதிர்பாராத் தன்மைக்குப் பெரும் பங்கு உண்டு. தன் செயலால் எழும் ஓசைக்கு மூளையின் செவிப்புலப் பகுதி தரும் மறுமொழி, பிறரால் எழும் அதே ஓசைக்குத் தருவதைவிடக் குறைவு என்பது நரம்பியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. எனவே மிக்ஸிக்கு அஞ்சும் குழந்தையைத் தூரத்தில் உட்காரவைத்துத் தேற்றுவதைக் காட்டிலும், "சட்னி அரைக்கப் போகிறோம், மூன்று எண்ணியதும் நீயே திருகு" என்று குமிழை அதன் கையில் கொடுப்பது அறிவியலுக்கு இசைந்தது. அஞ்சி மறுத்தால் வற்புறுத்தாமல், மிக்ஸிக்கு அடியில் தடித்த துணி விரித்து அதிர்வைக் குறைத்து, அரைப்பதற்குமுன் அறிவித்துவிட்டாலே போதும். தீபாவளி இக்குடும்பங்களுக்குச் சோதனைக் காலம். வெடி வெடிப்பதை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாக 2018-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்த பின், தமிழ்நாடு அரசு அதைக் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என்று பிரித்து அறிவித்தது. தெருக்கள் அந்த அறிவிப்பை மதிக்குமானால், எப்போது ஓசை வரும், எப்போது நிற்கும் என்று குழந்தைக்குச் சொல்லிவைக்கவாவது முடியும். காதுக்கவசம் திருமண மண்டபத்தில் தவிலும் நாதசுரமும் உச்சத்தில் ஒலிக்கும் நேரத்துக்கும், நெரிசலான பேருந்து நிலையத்துக்கும் உரியது. நாள் முழுவதும் அணிவிப்பது தவறு. உடல்நலமுள்ள பெரியவர்களை இரண்டு வாரம் தொடர்ந்து காதடைப்பான் அணியச் செய்த கிரெய்க் ஃபார்ம்பி குழுவின் 2003-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்கள் முன்பைவிட ஓசைக்குக் கூசத் தொடங்கியிருந்தனர். வரவு குறைந்தால் மூளை தன் உணர்திறனை உயர்த்திக்கொள்கிறது.

உணவில் சுவையைவிடப் பதமே பெரும்பாலும் தடை. குழைந்த சாதத்தையும் வெண்டைக்காயின் கொழகொழப்பையும் குமட்டலோடு விலக்கும் குழந்தை, மொறுமொறுப்பான தோசையையும் பொரித்த அப்பளத்தையும் விரும்பி உண்ணலாம். அதே வெண்டைக்காயை மொறுமொறுவென வறுத்து வைத்தால் ஏற்கவும் கூடும். சாம்பாரும் பொரியலும் சாதத்தோடு கலந்துவிடாமல் தனித்தனிக் கிண்ணங்களில் வைப்பதும், புதிய உணவை உண்ண வற்புறுத்தாமல் தட்டின் ஓரத்தில் பார்க்கவும் தொடவும் முகரவும் மட்டும் பல நாள் வைத்திருப்பதும் வாயைப் பிடித்துத் திணிப்பதைவிட விரைவில் பலன் தருகின்றன. உண்ணும் வகைகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தாலும், எடை ஏறாமல் நின்றாலும் அதை வீட்டு முயற்சிக்கு விடாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தூண்டலைத் தேடும் குழந்தைகளை அடக்கி உட்காரவைப்பதில் செலவாகும் ஆற்றலை, அத்தேடலுக்கு நல்ல வழி அமைப்பதில் செலவிடலாம். தசைகளும் மூட்டுகளும் எதிர்விசையை உணரும் கடின வேலைகள் பல குழந்தைகளை நிதானப்படுத்துவதாகச் சிகிச்சையாளர்கள் அனுபவத்தில் கூறுகின்றனர். ஆய்வுச் சான்று இன்னும் மெலிந்ததே என்றாலும் முயன்று பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை. சப்பாத்தி மாவு பிசைவது, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது, செடிகளுக்குக் குடத்தில் நீர் சுமப்பது, கடையிலிருந்து அரிசிப் பையைத் தூக்கி வருவது, நொண்டியடிப்பது, மரம் ஏறுவது ஆகியவை அத்தகையன. கைக்குழந்தையைத் தூளியில் சீராக ஆட்டி உறங்கவைப்பதும் சமநிலைப் புலனின் வழியேதான்: சீரான, மெதுவான முன்பின் ஆட்டம் அமைதிப்படுத்தும், வேகமான சுழற்சி கிளர்ச்சியூட்டும். உறங்கும் நேரத்துக்குச் சற்றுமுன் குழந்தையைத் தூக்கிச் சுற்றி விளையாடிவிட்டு, அது உறங்க மறுக்கிறது என்று அப்பாக்கள் வியப்பதற்கு விடை இதில் இருக்கிறது. சட்டையைக் கடிக்கும் குழந்தைக்கு, புரையேறும் வயதைக் கடந்திருந்தால், கொய்யா, கேரட், முறுக்கு, கரும்புத் துண்டு ஆகியவை தாடைக்கு வேலை கொடுக்கும்.

குறையுணர்வு உள்ள குழந்தைகள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை என்பதாலேயே கவனிக்கப்படாமல் போகின்றனர். சூடான பாத்திரத்திலிருந்து கையை எடுக்கத் தாமதிப்பதும், மூக்கு ஒழுகுவதை அறியாமலிருப்பதும், சிறுநீர் முட்டும் உணர்வு கடைசி நொடியில்தான் தெரிய வருவதும் இவர்களிடம் காணப்படும். வகுப்பில் ஆடையை நனைத்துக்கொண்டதற்காக இவர்களைத் தண்டிப்பது கொடுமை. கடிகாரத்தைக் கொண்டு இரண்டு மணிக்கொரு முறை கழிப்பறைக்கு அனுப்புவதும், தண்ணீர் குடிக்க நினைவூட்டுவதும், குளித்தபின் உடம்பில் காயம் உள்ளதா என்று பார்ப்பதும், பெயரை அழைப்பதோடு தோளில் கைவைத்து அழைப்பதும் இவர்களுக்கு வேண்டியவை.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நாள்களில் சுமை மிகுந்து குழந்தை நிலைகுலையும். கேட்டது கிடைக்காததால் எழும் அடத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அடம் பிடிக்கும் குழந்தை, பெரியவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருக்கும், கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும். புலன் சுமையால் நிலைகுலைந்த குழந்தைக்கு எதைக் கொடுத்தும் நிற்காது, தூண்டல் விலகிய பின்னரும் தணிய நேரம் பிடிக்கும். அந்நேரத்தில் நியாயம் பேசுவதும் கேள்வி கேட்பதும் இன்னொரு தூண்டலாகவே சேரும். விளக்கைத் தணித்து, பேச்சைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, குழந்தை விரும்பினால் மட்டும் இறுக அணைத்து, அருகில் இருப்பதே அப்போது செய்யத்தக்கது. இத்தகைய குழந்தைக்கு வீட்டில் ஒதுங்கும் மூலை ஒன்று, பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலானதாக இருந்தாலும், முன்கூட்டியே அமைந்திருப்பது உதவும். அதைத் தண்டனைக்குரிய இடமாக மட்டும் ஆக்கிவிடக் கூடாது.

வகுப்பறைகள் இக்குழந்தைகளுக்கு இரக்கமற்றவை. காரைச் சுவரும் டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் நாற்பது குழந்தைகளின் குரலைத் திருப்பித் திருப்பி எதிரொலிக்கின்றன. பழைய சோக் பொருத்திய குழல்விளக்குகளின் ஒளி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. உயரமான பெஞ்சில் கால் தொங்க அமர்ந்த குழந்தை தன் உடலை நிறுத்தி வைக்கவே பாதிக் கவனத்தைச் செலவிடுகிறது. வாயிலையும் மின்விசிறிக்கு நேர் கீழான இடத்தையும் தவிர்த்த இருக்கை, பாதத்துக்கு அடியில் ஒரு பலகை, இறைவணக்கக் கூட்டத்தில் வரிசையின் கடைசி இடம், இடையிடையே நோட்டுகளைச் சேகரித்து ஆசிரியர் அறைக்குச் சுமந்து செல்லும் வேலை, லேபிள் நீக்கிய, பலமுறை துவைத்து மென்மையான சீருடை ஆகிய எதற்கும் பள்ளி பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் இவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளன. அவற்றுக்குச் சான்றிதழ் பெற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதும் உதவியாளரும் கோரலாம். புலன் செயலாக்கச் சிக்கல் மட்டுமே உள்ள குழந்தை அப்பட்டியலில் இடம்பெறாததால், அதற்குக் கிடைக்கும் சலுகைகள் யாவும் வகுப்பாசிரியரின் புரிதலையே நம்பியிருக்கின்றன. ஆதலால் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய வகுப்பாசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுப்பதைப் பெற்றோர் வழக்கமாக்கிக்கொள்ளலாம்: குழந்தைக்கு எது தாங்காது, தாங்காதபோது அது எப்படி நடந்துகொள்ளும், எது தணிக்கும், பள்ளியிடம் கேட்கும் இரண்டு மூன்று எளிய உதவிகள் எவை என்பனவே அதில் இருந்தால் போதும். வயது ஏற ஏற உணர்வுகளின் கூர்மையும் இடமும் மாறுவதால் முந்தைய ஆண்டின் கடிதத்தை அப்படியே நகலெடுக்கக் கூடாது. எட்டு, ஒன்பது வயதுக்குமேல் குழந்தையையே அருகில் அமர்த்தி, அது சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது நல்லது.